ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிக்க: எந்த நாட்டு வருமான விசா யாருக்குப் பொருந்தும்?

பென்ஷன், வாடகை, டிவிடெண்ட் என்று வேலை செய்யாமல் வரும் வருமானத்தைக் காட்டி இன்னொரு நாட்டில் குடியிருப்பு அனுமதி வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: மாதம் எவ்வளவு காட்ட வேண்டும்? போர்ச்சுகலுக்கு 920 யூரோ, ஸ்பெயினுக்கு 2,400, இத்தாலிக்கு ஏறத்தாழ 2,600, கிரீசுக்கு 3,500, பனாமாவுக்கு 1,000 டாலர். இதில் கைக்கு எட்டுகிற நாட்டைப் பிடித்துக்கொண்டு விண்ணப்ப வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

விசா கிடைப்பதற்கு அந்த எண் வேண்டும்தான். ஆனால் அங்கே போய் வாழப்போகும் பதினைந்து இருபது வருடத்தின் செலவையும் நிம்மதியையும் தீர்மானிப்பவை வேறு மூன்று. உங்கள் வருமானம் எந்த வகையைச் சேர்ந்தது? வருடத்தில் எத்தனை நாள் அந்த நாட்டில் இருக்கப் போகிறீர்கள்? உங்கள் பென்ஷனுக்கு எந்த நாடு, எவ்வளவு வரி போடும்? இந்த வரிசையில் கேட்டுக்கொண்டே வந்தால் பத்து நாட்டுப் பட்டியல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

பணம் எந்த வழியில் வருகிறது

மாதம் 3,000 யூரோ வருகிற இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அது ஆயுள் முழுக்க வரும் பென்ஷன். இன்னொருவருக்கு மியூச்சுவல் ஃபண்டிலிருந்து மாதாமாதம் யூனிட்களை விற்று எடுக்கும் தொகை. இருவர் வங்கிக் கணக்கிலும் ஒரே தொகைதான் விழுகிறது, ஆனால் தூதரக அதிகாரி இவர்களை ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

பனாமாவின் பென்ஷனாடோ விசாவுக்கு ஆயுள் முழுக்கத் தொடரும் பென்ஷன்தான் வேண்டும். அரசோ, நிறுவனமோ, ஆயுள் ஆன்யுட்டி (மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு மாதாமாதம் வாங்கும் தொகை) கொடுக்கும் அமைப்போ ‘இவர் உயிரோடு இருக்கும் வரை மாதம் இவ்வளவு’ என்று கடிதம் தர வேண்டும். இருபது வருடத்தில் முடிந்துபோகும் ஆன்யுட்டி செல்லாது. இத்தாலியில் சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் அதை மட்டும் வைத்து விசா வாங்க முடியாது; சொத்திலிருந்து தொடர்ந்து வருமானம் வருகிறது என்று காட்ட வேண்டும். ஸ்பெயின் இந்த விஷயத்தில் தாராளம். வருமானம் குறைவாக இருந்தாலும், ஒரு வருடத்துக்குத் தேவையான தொகை கணக்கில் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. கோஸ்டாரிகாவின் ரென்டிஸ்டா வகை பென்ஷனே இல்லாதவர்களுக்காக உருவானது: இரண்டு வருடத்துக்கு மாதம் 2,500 டாலர் வரும் என்று வங்கிக் கடிதம் கொடுக்கலாம், அல்லது 60,000 டாலரை வங்கியில் போட்டு மாதாமாதம் 2,500 வீதம் எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் எம்எம்2எச் (‘மலேசியா என் இரண்டாவது வீடு’) திட்டம் டெபாசிட்டையும் வீட்டையும்தான் பார்க்கிறது.

ஆகவே நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வேலையை விட்டு முதலீட்டை வைத்து வாழ்பவருக்கு ஸ்பெயினும் கோஸ்டாரிகா ரென்டிஸ்டாவும் சுலபம். அரசுப் பென்ஷன் உள்ளவருக்குப் பனாமாவும் கோஸ்டாரிகா பென்ஷனாடோவும் திறந்த வாசல். வாடகை வருமானக்காரருக்குப் போர்ச்சுகல் பொருந்தும், ஆனால் வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் 900, கணக்கில் 700, வரித் தாக்கலில் 500 என்று இருந்தால், அந்த வருமானமே இல்லாதது போல எண்ணிக்கொள்வது நல்லது.

எந்த நாடாக இருந்தாலும் விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஆறு மாதம் அந்தப் பணம் ஒரே கணக்கில், ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கட்டும். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது கடன் வாங்கிப் போட்டது என்றுதான் அதிகாரி நினைப்பார். சொத்து விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரத்தைக் கூடவே இணைத்துவிடுங்கள். கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

போர்ச்சுகலா, ஸ்பெயினா

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. இரண்டும் ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்), பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஆனால் இரண்டு விசாவின் உள்ளமைப்பும் வேறு வேறு.

போர்ச்சுகலின் டி7 விசாவுக்கான வருமான வரம்பு அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டப்பட்டது. 2024-ல் 820 யூரோ, 2025-ல் 870, 2026-ல் 920. வாழ்க்கைத் துணைக்குப் பாதி, ஒவ்வொரு குழந்தைக்கும் 30 சதவீதம் கூடும். தம்பதி என்றால் 2026 கணக்கில் மாதம் 1,380 யூரோ. இதோடு ஒரு வருடத்துக்கான தொகையை, அதாவது தம்பதிக்கு 16,560 யூரோவை, போர்ச்சுகல் வங்கிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன. வரம்பு வருடத்துக்கு 50 யூரோ வீதம் ஏறுவதைக் கவனியுங்கள். புதுப்பிக்கும்போது அப்போதைய வரம்பைத்தான் காட்ட வேண்டும்.

ஸ்பெயினின் விசா ‘இப்ரெம்’ என்ற அரசுக் குறியீட்டை அடிப்படையாகக் கொண்டது. 2023 முதல் அது மாதம் 600 யூரோவில் நிற்கிறது. விண்ணப்பதாரருக்கு அதன் நான்கு மடங்கு, அதாவது மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 யூரோ. கூட வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 600. தம்பதிக்கு வருடம் 36,000 யூரோ. முதல் அனுமதி ஒரு வருடத்துக்கு. அடுத்த இரண்டு புதுப்பித்தல்களும் இரண்டிரண்டு வருடம். சேமிப்பைக் காட்டி உள்ளே போனவர்கள் சிக்குவது முதல் புதுப்பித்தலில்தான். அப்போது இரண்டு வருடத்துக்கான தொகையைச் சேர்த்துக் காட்ட வேண்டும். தனி ஆளுக்கே 57,600 யூரோ, தம்பதிக்கு 72,000. முதல் வருடம் சேமிப்பிலிருந்து செலவு செய்துவிட்டு இந்தத் தொகைக்கு எங்கே போவது என்ற கேள்வி விண்ணப்பிக்கும் முன்பே எழ வேண்டும்.

ஸ்பெயினின் இந்த விசாவில் இருந்துகொண்டு வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணினியில் செய்யும் வேலையும் அதில் அடங்கும். ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக மாதம் நாலு மணி நேரம் உழைப்பவர், அந்த வருமானத்தை விண்ணப்பத்தில் சேர்த்தால் நிராகரிப்பு வரும். போர்ச்சுகல் டி7-ல் குடியிருப்பு அட்டை வாங்கிய பிறகு வேலை செய்யத் தடை இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் ஸ்பெயின் கறாரானது. அந்த நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பாலிசியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு பங்கு கட்டும் ஏற்பாடும் காத்திருப்புக் காலமும் இருக்கக் கூடாது. பயணக் காப்பீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் கோப்பு திரும்பி வரும். ஏற்கெனவே இதயநோயோ நீரிழிவோ உள்ளவருக்கு, வயதும் எழுபதை நெருங்கியிருந்தால், இப்படி ஒரு பாலிசி கிடைப்பதே சிரமம். ஒரு வருடம் சட்டப்படி வசித்த பிறகு அரசு மருத்துவத்தில் கட்டணம் கட்டிச் சேரும் வழி உண்டு: 65 வயதுக்குக் கீழ் மாதம் 60 யூரோ, 65 ஆனவருக்கு 157 யூரோ. நோய் இருக்கிறது என்று இதில் யாரையும் ஒதுக்குவதில்லை. மருந்துக் கடையில் மட்டும் முழு விலை கொடுக்க வேண்டும். ஆக, தாண்ட வேண்டியது முதல் வருடத்தைத்தான். போர்ச்சுகலில் குடியிருப்பு அட்டை வந்ததும் உள்ளூர் சுகாதார மையத்தில் பதிந்து பயனாளர் எண் வாங்கிப் பொது மருத்துவத்துக்குள் நுழைந்துவிடலாம். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு நாங்கள் போர்ச்சுகலைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

போர்ச்சுகலின் பலவீனம் அலுவலகம். எல்லைப் பணித் துறை கலைக்கப்பட்டு 2023 அக்டோபர் 29 அன்று ‘ஐமா’ என்ற புதிய அமைப்பு வந்தது; லட்சக்கணக்கான நிலுவைக் கோப்புகளும் அதன் தலையில் வந்து விழுந்தன. நுழைவு விசா 120 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் ஐமாவில் நேர்காணல் முடிய வேண்டும். அட்டை புதுப்பிப்பதில் தாமதம் ஏற்படும்போது, காலாவதியான அட்டையும் செல்லும் என்று அரசு ஆணை போட்டு நீட்டித்தது. அது போர்ச்சுகலுக்குள் உதவும். அதே அட்டையோடு வேறு ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் இறங்கினால் எல்லைக் காவலர் ஏற்காமல் போகலாம். அட்டை காலாவதியாகியிருந்தால் இடையில் எங்கும் மாறாத நேரடி விமானத்தில் போய்வருவதே பாதுகாப்பு.

டி7 வரிசையில் முதல் வேலை வரி எண் வாங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அதற்கு ஒரு வரிப் பிரதிநிதியை வைக்க வேண்டும், அல்லது மின்னணு அறிவிப்பில் பதிவு செய்ய வேண்டும். அடுத்தது வங்கிக் கணக்கு, பிறகு பன்னிரண்டு மாத வாடகை ஒப்பந்தம். குடியேறிய பிறகு வரி அலுவலகத்தில் முகவரியைப் போர்ச்சுகல் முகவரியாக மாற்ற 60 நாள் அவகாசம். இதை மறப்பவர்கள் ஏராளம். பல வருடம் அங்கேயே வாழ்ந்துவிட்டு, பதிவேட்டில் வெளிநாட்டில் வசிப்பவராகவே இருந்தால் அபராதத்தோடு பழைய கணக்குகளையும் திருத்த வேண்டி வரும்.

வரி விஷயத்தில் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பென்ஷனுக்கு 10 சதவீதம் மட்டும் என்ற சலுகை 2023 இறுதியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த திட்டம் ஆராய்ச்சியாளர் போன்றோருக்கானது. பென்ஷனை அது தொடாது. இன்று போகிறவர் 48 சதவீதம் வரை ஏறும் சாதாரண வரி அடுக்குகளில் கட்டுவார். குடியுரிமையும் அப்படியே. ‘ஐந்து வருடத்தில் ஐரோப்பியப் பாஸ்போர்ட்’ என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் காலத்தைப் பெரும்பாலான வெளிநாட்டவருக்குப் பத்து வருடமாக்க 2025 அக்டோபரில் போர்ச்சுகல் நாடாளுமன்றம் வாக்களித்தது. பாஸ்போர்ட்டை மட்டும் மனதில் வைத்துப் போர்ச்சுகலைத் தேர்ந்தெடுக்க இப்போது காரணம் இல்லை. ஸ்பெயினில் பொதுவான காலம் எப்போதுமே பத்து வருடம்தான். லத்தீன் அமெரிக்கர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டினர் போன்ற சிலருக்கு மட்டும் இரண்டு.

ஸ்பெயினில் வரிக்கு மேல் ஒரு படிவமும் உண்டு: மாதிரி 720. வெளிநாட்டில் உள்ள வங்கிக் கணக்குகள், பங்குகள், வீடு நிலம் ஆகிய மூன்று வகையில் எது 50,000 யூரோவைத் தாண்டினாலும் மார்ச் 31-க்குள் அறிவிக்க வேண்டும். இதற்கிருந்த கொடும் அபராதங்களை 2022 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. படிவம் மட்டும் தொடர்கிறது. சொத்து அதிகம் உள்ளவருக்குச் சொத்துவரி (வீட்டு வரி அல்ல, மொத்தச் சொத்து மதிப்பின் மீதான வரி) இன்னொரு கேள்வி. அது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். மாட்ரிட்டும் அந்தலூசியாவும் அதில் நூறு சதவீதத் தள்ளுபடி கொடுத்திருக்கின்றன. எனவே ஸ்பெயின் என்று முடிவானால் அடுத்த கேள்வி எந்த மாகாணம் என்பது. கடற்கரை அழகாயிருக்கிறது என்று வலென்சியாப் பக்கம் வீடு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் இருப்பீர்கள்

பாதி வருடம் அங்கே, பாதி வருடம் பிள்ளைகளோடு என்று நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியக் கேள்வி. போர்ச்சுகலில் அனுமதிக் காலத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலோ, விட்டுவிட்டு மொத்தம் எட்டு மாதத்துக்கு மேலோ தகுந்த காரணமின்றி வெளியே இருக்கக் கூடாது. முதல் அட்டை இரண்டு வருடத்துக்கானது. அந்த இருபத்து நாலு மாதத்தில் மொத்தம் எட்டு மாதம்தான் வெளியே. வருடத்துக்கு நாலு மாதம் என்று கணக்கு. இத்தாலியில் ஒரு வருட அனுமதிக்காரர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் புதுப்பித்தல் கிடைக்காது.

பனாமாவில் நிலைமை நேர்மாறு. இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருக்காத வரை நிரந்தர அனுமதி காப்பாற்றப்படும். ஒரு பாதுகாப்புக்காக இரண்டாவது நாட்டு அனுமதியைக் கையில் வைத்திருக்க நினைப்பவருக்கு, இன்னும் சொந்த ஊரை விட மனமில்லாதவருக்கு, ஐரோப்பாவைவிட இது பல மடங்கு பொருந்தும்.

விசாவுக்கான நாள் கணக்கு வேறு, வரிக்கான நாள் கணக்கு வேறு. வருடத்தில் குறிப்பிட்ட நாள் தங்கினால் அந்த நாட்டின் ‘வரிக் குடியிருப்பாளர்’, அதாவது அங்கே வரி கட்ட வேண்டியவர், ஆகிவிடுவீர்கள்: பெரும்பாலான நாடுகளில் 183 நாள், தாய்லாந்தில் 180 நாள். ஸ்பெயினில் இந்தக் கணக்கு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, வருடத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதனால் ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு போய் இறங்குபவருக்கு அந்த வருடம் 183 நாள் சேராது. வாழ்க்கையின் பொருளாதார மையமும் குடும்பமும் ஏற்கெனவே ஸ்பெயினில் இல்லை என்றால், அந்த வருடம் அங்கே உலக வருமானத்துக்கு (எந்த நாட்டில் ஈட்டியதாக இருந்தாலும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருமானம்) வரி இல்லை. மார்ச்சில் போனவர் ஜனவரி, பிப்ரவரி வருமானத்துக்கும் சேர்த்துக் கட்டுவார். வீடு விற்பது, பணிக்கொடை போல ஒட்டுமொத்தமாக ஒரு தொகை வாங்குவது எல்லாவற்றையும் வரிக் குடியிருப்பு மாறும் முன்பே முடித்துவிட வேண்டும். போர்ச்சுகலில் நாள் எண்ணிக்கை குறைந்தாலும், நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடு வீடு வைத்திருந்தாலே வரிக் குடியிருப்பாளராகிவிடலாம்.

இத்தாலி, கிரீஸ்: ஏழு சதவீதம்

வருமானம் நன்றாக இருந்து, அதில் பென்ஷனும் இருந்தால், இந்த இரண்டு நாடுகளின் கணக்கு மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் போடும். இத்தாலியில் தெற்கு மாகாணங்களிலுள்ள சிறிய ஊர்களுக்குக் குடிபெயரும் வெளிநாட்டுப் பென்ஷன்காரர் தன் வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் 7 சதவீதம் மட்டும் கட்டலாம்; பத்து வருடம் செல்லும். சிசிலி, சார்டினியா, கலாப்ரியா, காம்பானியா, பசிலிக்காட்டா, புலியா, மோலிசே, அப்ருட்சோ ஆகியவை அந்த மாகாணங்கள். 2019-ல் 20,000-க்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட ஊர்கள் என்ற வரம்போடு தொடங்கியது. பென்ஷன் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிநாட்டிலிருந்து வரும் டிவிடெண்டும் வாடகையும் அதே 7 சதவீதத்துக்குள் வந்துவிடும். முந்தைய ஐந்து வருடம் இத்தாலியில் வரிக் குடியிருப்பாளராக இருந்திருக்கக் கூடாது. சிற்றூரில் சலித்துப்போய் நேப்பிள்ஸ் நகருக்கு மாறினால் சலுகை போய்விடும். சலுகைக்காக ஊரைத் தேர்ந்தெடுப்பவர் குளிர்காலத்தில் அந்த ஊரில் மருத்துவர் இருக்கிறாரா, பேருந்து ஓடுகிறதா என்று நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இத்தாலிய விசாவுக்குத் தனி ஆளுக்கு வருடம் 31,000 யூரோ என்பது தொடக்கப் புள்ளி; தம்பதிக்குத் தூதரகங்கள் 38,000 அளவில் எதிர்பார்க்கும். இங்கே தூதரகத்தின் விருப்புரிமை அதிகம், ஒரு தூதரகத்தில் நடந்தது இன்னொன்றில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டல் முன்பதிவு செல்லாது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ வீட்டுப் பத்திரமோ வேண்டும். போய் இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் விண்ணப்ப உறையை வாங்கி அனுமதிக்கு மனுப் போட வேண்டும். பொது மருத்துவத்தில் சேர 2024 முதல் வருடத்துக்குக் குறைந்தது 2,000 யூரோ கட்டணம்.

கிரீஸ் சலுகை இன்னும் நீளமானது: 7 சதவீதம், பதினைந்து வருடம், ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. ஏதென்சிலேயே இருக்கலாம். முந்தைய ஆறு வருடத்தில் ஐந்து வருடம் கிரீசில் வரிக் குடியிருப்பாளராக இல்லாதவர் மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதி தவறினால் ஒரு வருடம் போச்சு. நுழைவுதான் உயரம்: மாதம் 3,500 யூரோ, துணைக்கு 20 சதவீதம் கூடுதல், ஆகத் தம்பதிக்கு 4,200.

மாதம் 4,500 யூரோ வருகிற தம்பதியை வைத்துப் பார்த்தால், 7 சதவீதம் என்பது வருடத்துக்கு 3,780 யூரோ. அதே வருமானத்துக்குப் போர்ச்சுகலிலோ ஸ்பெயினிலோ சாதாரண அடுக்குகளில் வரி இதைவிடப் பல மடங்கு வரும். ‘சுலபமான’ டி7-ஐ எடுத்துவிட்டு, பத்து வருடத்தில் ஒரு வீட்டு விலையை வரியாகக் கட்டுவது எந்த வகையிலும் சிக்கனம் இல்லை. மாதம் 1,800 யூரோ பென்ஷன்காரருக்கு இந்த வாதமே எழாது, அவருக்குப் போர்ச்சுகல்தான்.

பனாமா, கோஸ்டாரிகா

இரண்டும் உள்நாட்டில் ஈட்டியதற்கு மட்டும் வரி போடுபவை. வெளிநாட்டுப் பென்ஷனை அவை தொடுவதில்லை. பனாமாவில் தனி ஆளுக்கு 1,000 டாலர், சார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் 250. ஒரு லட்சம் டாலருக்கு மேல் வீடு வாங்கினால் 750 டாலர் பென்ஷனே போதும். புழக்கத்தில் டாலர் இருப்பதால், டாலரில் பென்ஷன் வாங்குபவருக்கு மாற்று விகிதக் கவலை இல்லை. விமானச் சீட்டில் 25 சதவீதம், உணவகத்தில் 25, சினிமாவில் 50 என்று சட்டப்படித் தள்ளுபடிகள் உண்டு.

கோஸ்டாரிகாவில் 1,000 டாலர் பென்ஷன், இரண்டிரண்டு வருட அனுமதி, மூன்று வருடம் முடிந்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ‘காஹா’ என்ற பொது மருத்துவ நிதியில் சேர்வது கட்டாயம். நீங்கள் காட்டும் வருமானத்தில் ஒரு பங்கு மாதாமாதம் அதற்குப் போகும். தேவைக்கு மேல் வருமானத்தைக் காட்டினால் சந்தாவும் ஏறும்.

ஈக்வடோரும் கொலம்பியாவும் வரம்பில் இவற்றோடு போட்டியிடுகின்றன. இரண்டுமே குறைந்தபட்ச ஊதியத்தின் மூன்று மடங்கு கேட்கின்றன. ஆனால் இரண்டுமே குடியிருப்பாளரின் உலக வருமானத்துக்கு வரி போடுபவை. வரம்பை மட்டும் ஒப்பிடும் பட்டியல்களில் இந்த வரி எங்கும் தென்படாது.

தாய்லாந்து, மலேசியா

தாய்லாந்தில் ஐம்பது வயது ஆனவருக்கு ஒரு வருட நீட்டிப்பு கிடைக்கும்: உள்ளூர் வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடக் கணக்கில் 8 லட்சம். பணம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்த பின் மூன்று மாதம் அசையக் கூடாது. வருடம் முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மருத்துவமனைச் செலவுக்கு அவசரமாக எடுத்து 3 லட்சத்து 90 ஆயிரம் ஆகிவிட்டால்கூட அடுத்த நீட்டிப்பில் சிக்கல். அதனால் அவசர நிதியை வேறு கணக்கில் வைக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் வங்கிப் புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரவோ செலவோ பதிவாகியிருக்கட்டும். நூறு பாட் போட்டுப் பதிந்துகொண்டு போனால் போதும். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட்.

மறு நுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துப்போகும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. உறவினர் இறப்புக்கு அவசரமாகக் கிளம்புபவர்தான் இதில் மாட்டுகிறார். பலமுறை அனுமதியை நீட்டிப்பு வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பு வேறு.

2024 ஜனவரி 1 முதல், அந்தத் தேதிக்குப் பிறகு ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தால் வரி உண்டு. 180 நாள் தங்குபவருக்கு. அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு இல்லை. 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் அந்த விலக்கை நிரூபிக்க முடியும். வருடம் 80,000 டாலர் வருமானம் உள்ளவருக்குப் பத்து வருட நீண்டகால விசா இருக்கிறது. 40,000 டாலரும் அந்நாட்டில் 2.5 லட்சம் டாலர் முதலீடும் இருந்தாலும் கிடைக்கும். அதில் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விலக்கு, மறு நுழைவு அனுமதி தேவையில்லை, அறிவிப்பு வருடத்துக்கு ஒருமுறை. தகுதி இருந்தால் சாதாரண நீட்டிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மலேசியாவின் 2024 விதிகளில், பொதுவான மூன்று வகைகளில் கீழ்நிலையான வெள்ளி வகைக்கே 1.5 லட்சம் டாலர் டெபாசிட்டும், 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வேண்டும். வீட்டைப் பத்து வருடம் விற்க முடியாது. வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 வரை விலக்கு இருக்கிறது. அறுபதில் போகிறவருக்குப் பத்து வருடப் பூட்டு பரவாயில்லை. எழுபத்தைந்தில் போகிறவர் யோசிக்க வேண்டும்.

பென்ஷனுக்கு வரி போடும் உரிமை யாருக்கு

பெரும்பாலான இரட்டை வரி ஒப்பந்தங்களில் (ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமலிருக்க நாடுகள் செய்துகொள்பவை) ஒரு பொது விதி: தனியார் பென்ஷனுக்கு நீங்கள் வசிக்கும் நாடு வரி போடும், அரசு ஊழியர் பென்ஷனுக்கு அதைக் கொடுக்கும் நாடுதான் போடும். அரசு ஊழியராக இருந்தவர் கிரீசுக்குப் போனாலும் அந்தப் பென்ஷனுக்குப் பழைய நாட்டில்தான் வரி என்றால், 7 சதவீதச் சலுகை அவருக்கு மற்ற வருமானத்தில் மட்டுமே உதவும். ஒப்பந்தத்தின் பென்ஷன் பிரிவையும் அரசுப் பணிப் பிரிவையும் படிக்காமல் நாட்டை முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தங்களும் நிரந்தரமில்லை. போர்ச்சுகலின் பென்ஷன் சலுகையை எதிர்த்து ஃபின்லாந்து தன் ஒப்பந்தத்தை ரத்து செய்து 2019 முதலும், சுவீடன் 2022 முதலும் தங்கள் பென்ஷனுக்குத் தாங்களே வரி போடத் தொடங்கின.

காகிதங்களின் வரிசை

காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு ஆயுள் குறைவு. மூன்றிலிருந்து ஆறு மாதம். அதை முதலில் வாங்கிவிட்டு மற்றதற்கு அலைந்தால், விண்ணப்ப நாளில் காலாவதியாகியிருக்கும். திருமணச் சான்று, பென்ஷன் கடிதம், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசியாக அதை எடுங்கள். அபோஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு வைப்பது) முதலில், மொழிபெயர்ப்பு அதன் பிறகு. முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால் வரிசை மாறினால் இரண்டு முறை செலவு. ஸ்பெயினுக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பென்ஷன் கடிதத்தில் வேறு என்றால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

விசா வரும் முன்பே ஒரு வருட வாடகை ஒப்பந்தம் கேட்கும் நாடுகளில், விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்தாகி முன்பணம் திரும்பும் என்ற பிரிவை எழுதி வாங்குங்கள். வரம்பு யூரோவில், பென்ஷன் வேறு நாணயத்தில் என்றால், வரம்புக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும். புதுப்பிக்கும் வருடத்தில் மாற்று விகிதம் எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

தம்பதியில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதையும் சும்மா முடிவு செய்ய வேண்டாம். முதன்மையானவர் இறந்தால் அவர் பென்ஷனோடு மற்றவரின் அனுமதிக்கான வருமானமும் நின்றுபோகலாம். குடும்ப ஓய்வூதியமாகத் துணைக்கு எவ்வளவு தொடரும், அது மட்டும் தனி ஆளுக்கான வரம்பை எட்டுமா என்று பாருங்கள். எட்டாது என்றால் அந்த இடைவெளிக்குத் துணையின் பெயரில் டெபாசிட்டோ ஆன்யுட்டியோ இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் குடியேறுபவரின் சொத்து வாரிசுரிமை, 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, அவர் கடைசியாக வசித்த நாட்டின் சட்டத்துக்குள் வரும். ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி மூன்றிலும் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. துணைக்கே எல்லாம் என்று நினைத்தால் நடக்காது. தன் குடியுரிமை நாட்டுச் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதினால் அதை மாற்றலாம். தாய்லாந்துக் கணக்கில் கிடக்கும் 8 லட்சம் பாட்டுக்கும் உயில் தேவை; கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை வங்கி அந்தப் பணத்தை விடாது. அந்த உயிலில் ‘இது இந்த நாட்டிலுள்ள சொத்துக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த வரி விடுபட்டால், புதிய உயில் சொந்த நாட்டில் எழுதி வைத்த பழைய உயிலை ரத்து செய்துவிடக்கூடும்.